கோடையில் ஆர்.வி ஃப்ரிட்ஜ் குளிரவில்லையா? மாற்றும் முன் அதன் முதுகைப் பாருங்கள்

கேள்வி: அரிசோனாவில் ஆர்.வி டிரெய்லர் (காரில் இழுத்துச் செல்லும் நடமாடும் வீடு) வைத்திருக்கிறோம். 8 கன அடி ஃப்ரிட்ஜ், கேஸிலும் கரண்டிலும் ஓடும். மார்ச்சில் 38 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது, ஜூன் பிற்பகலில் 52 காட்டுகிறது. ஃப்ரீசரில் ஐஸ் கெட்டியாகத்தான் இருக்கிறது. புதிது வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஃப்ரீசர் சரியாக இருந்தால் உள்ளிருக்கும் அம்மோனியா கசியவில்லை என்றே கொள்ளலாம். இந்த வகையில் கம்ப்ரஸர் கிடையாது. கேஸ் தீயோ ஹீட்டரோ தண்ணீரில் கரைந்த அம்மோனியாவை ஆவியாக்கி மேலே அனுப்பும். பின்புறம் உச்சியிலுள்ள தகடுகளில் அது சூட்டை வெளியே விட்டுத் திரவமாகி, தன் எடையில் கீழிறங்கும். முதலில் ஃப்ரீசரைக் குளிர்வித்து, மிச்சம்தான் கீழ் அறைக்கு வரும். வெளியே 110 டிகிரி அடிக்கும்போது தகடுகளால் சூட்டை முழுதாகக் கழிக்க முடியாது. திரவம் குறையும், கீழ் அறைதான் முதலில் பட்டினி கிடக்கும்.

ஆகவே காற்றோட்டத்தில் தொடங்குங்கள். வெளிச் சுவரில் உள்ள கீழ் வென்ட்டின் (காற்றுத் திறப்பின்) மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். தகடுகளுக்கும் சுவருக்கும் இடையே ஓர் அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால், காற்று தகடுகளைத் தொடாமலே அந்தச் சந்து வழியாக மேலே போய்விடும். தகரத் தகடு வளைத்துப் பொருத்தி இடைவெளியைக் குறையுங்கள்; எரியக்கூடிய பொருள் எதுவும் கூடாது. சரியான அளவு உங்கள் மாடலின் பொருத்தும் கையேட்டில் இருக்கும். ஸ்லைடு-அவுட்டில் (வண்டியிலிருந்து வெளியே நீளும் பகுதியில்) உள்ள ஃப்ரிட்ஜ்தான் அதிகம் அவதிப்படும்: கூரை வென்ட் இல்லாமல் இரண்டு வென்ட்டும் பக்கச் சுவரில் இருப்பதால் உச்சியில் சூடு தேங்கும். அங்கே மேல் வென்ட்டை நோக்கிக் காற்றைத் திருப்பும் சரிவுத் தகடு கட்டாயம் வேண்டும்.

அடுத்து ஃபேன். 120 மில்லிமீட்டர், 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டு போதும். பால் பேரிங் (ball bearing) வகையாக வாங்குங்கள். தகடுகளுக்குச் சற்றுக் கீழே, மேல்நோக்கி ஊதும்படி பொருத்தி, தெர்மோஸ்டாட் சுவிட்சும் ஃப்யூஸும் சேருங்கள். பர்னர் பக்கம் காற்றுப் பட்டால் தீ அணையும். கீழ் வென்ட்டில் பொருத்துவது அதனால்தான் தவறு.

கேம்ப் கிரவுண்டில் எல்லோரும் ஏசி போடும்போது வோல்ட்டேஜ் இறங்கும். 120 வோல்ட் 104 ஆனால் ஹீட்டரின் சக்தி முக்கால்வாசியாகிவிடும். அப்போது கேஸுக்கு மாற்றுங்கள். கேஸிலும் சரியில்லையா? கேஸை மூடி, ஆறவிட்டு, புகைக்குழாயிலிருந்து பர்னர் மேல் உதிர்ந்த துருவைச் சுத்தம் செய்யுங்கள். தீ நீலமாக எரிய வேண்டும்.

வண்டி சமமாக நிற்கட்டும். ஃப்ரிட்ஜ் பக்கம் மேற்கு வெயில் படாமல் நிறுத்துங்கள். முந்தைய நாளே ஓடவிட்டு, வீட்டில் குளிர்ந்த பொருளை மட்டும் அடுக்குங்கள். தட்டுகளில் தாள் விரித்தால் உள்காற்று சுழலாது. ஃப்ரிட்ஜ் உள்ளே இருக்கும் குளிர்த் தகட்டில் கிளிப் போட்ட தெர்மிஸ்டர் (வெப்பநிலை உணரும் சிறு கருவி) இருந்தால் மேலே நகர்த்துங்கள், குளிர் கூடும். கதவில் காகிதம் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கி வந்தால் ரப்பர் போய்விட்டது.

52 டிகிரியில் இருந்த பாலும் இறைச்சியும் வேண்டாம். 40 டிகிரிக்கு மேல் 2 மணி நேரம் கடந்தவற்றைக் கொட்டிவிடுங்கள். முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

பின்புறம் அம்மோனியா நெடியோ மஞ்சள் பொடியோ தெரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள், மறுபடி ஓட்டவே வேண்டாம். தீப்பிடிக்கும் அபாயத்தால் 2006-இல் டொமெடிக், 2010-இல் நார்கோல்ட் நிறுவனங்களின் சில மாடல்கள் திரும்ப அழைக்கப்பட்டன. பழைய வண்டி என்றால் ஃப்ரிட்ஜின் சீரியல் எண்ணைச் சரிபாருங்கள்.

கேள்வி: 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் மேலா?

பதில்: வெயிலைத் தாங்குவதில் சந்தேகமில்லாமல் மேல். சாய்ந்து நின்றாலும் குளிரும். ஆனால் இதே அளவுள்ளது கோடை நாளில் பேட்டரியிலிருந்து 60 முதல் 100 ஆம்பியர்-மணி (பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் அலகு) வரை இழுக்கும். கரண்ட் இல்லாத பாலைவனத்தில் நாள்கணக்கில் தங்குவீர்களானால் 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியும் 400 வாட் சோலாரும் இல்லாமல் வாங்காதீர்கள். அந்தச் செலவு கூடாதென்றால் கேஸ் ஃப்ரிட்ஜே போதும். மாற்றினால், பழைய கேஸ் குழாயின் வாயை உரிய பித்தளை மூடியால் அடைத்து, சோப்பு நுரை தடவிக் கசிவு பாருங்கள்.