பணம் பிடிக்கப்பட்டும் நன்கொடை பதிவாகாதது பற்றி

வணக்கம். பணம் கட்டியும் உங்கள் நன்கொடைத் தளத்தின் நிதி திரட்டும் பக்கத்தில் தொகை ஏறவில்லை, சிலருக்கு இரண்டு முறை பிடித்தம் ஆகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். ‘நன்றி’ பக்கம் திறக்கும்போதுதான் உங்கள் தளம் நன்கொடையைப் பதிவு செய்கிறது என்கிறீர்களே, கோளாறு அங்கேதான். பணம் கட்டிய கையோடு ஒருவர் உலாவியை மூடிவிட்டால் அந்தப் பக்கம் திறக்கவே திறக்காது. பேமென்ட் கேட்வே (பணத்தை வசூலித்துத் தரும் சேவை), கட்டணம் முடிந்ததும் உங்கள் சர்வருக்கு நேரடியாக அனுப்பும் ‘வெப்ஹுக்’ என்ற தானியங்கிச் செய்தியை நம்புங்கள். அது கேட்வேயிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே பதிவு செய்யுங்கள். ஒரே செய்தி இரண்டு முறையும் வரலாம். ஆகவே ஒரு பரிவர்த்தனை எண்ணுக்கு ஒரே பதிவுதான் என்பதைத் தரவுத்தளமே காக்க வேண்டும்.

இரட்டைப் பிடித்தம் வேறு கதை. படிவம் திறக்கும்போதே அந்தக் கட்டணத்துக்கென்று ஓர் அடையாளச் சாவியை (தனிக் குறியீட்டை) உருவாக்கி, மறுமுயற்சிகளிலும் அதையே அனுப்புங்கள். இந்த வசதியுள்ள கேட்வே, பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் ஒரே கட்டணமாகவே கொள்ளும்.

திருடிய கார்டு வேலை செய்கிறதா என்று சிறு தொகை கட்டிச் சோதிப்பவர்கள் நன்கொடைப் படிவங்களை அதிகம் தேடி வருவார்கள். மிகச் சிறிய தொகைகள் சரமாரியாக வந்தால் உடனே தடுங்கள்.

தினமும் கேட்வேயின் அறிக்கையோடு உங்கள் கணக்கை ஒப்பிடுங்கள். இதற்கெல்லாம் முன்பாக, இன்றே, இரண்டு முறை பணம் போனவர்களுக்கு அவர்கள் கேட்காமலேயே திருப்பி அனுப்பி, காரணத்தையும் எழுதிவிடுங்கள்.