இரண்டு மேற்கோள் குறிக்கு 45,000 ரூபாய்

அன்புள்ள ஐயா,

கோவையில் ஒரு கம்பெனியில் ஆறு வருடம் சர்வர் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போன வருடம் வேலையை விட்டேன். இப்போது ஒப்பந்தத்துக்கு ஸ்கிரிப்ட் எழுதுவதும், மெதுவாக ஓடும் சர்வர்களைச் சரிசெய்வதும்தான் பிழைப்பு. இங்கே ஒரு ஜவுளிக்கடைக்காரரின் ஆன்லைன் கடையில், சாயங்காலமானால் ஆர்டர் பக்கம் திறக்க 9 வினாடி எடுத்தது. 45,000 ரூபாய் என்று வாய்ப்பேச்சிலேயே முடித்தோம். மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆன நேரத்தை, பக்கங்களை அனுப்பும் மென்பொருளான இன்ஜினெக்ஸின் லாகில் (பதிவேட்டில்) எழுதும்படி முதல் நாளே மாற்றினேன். தரவுதள மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லில், மெதுவான தேடல்களைக் குறித்துவைக்கும் ஸ்லோ குவெரி லாகை ஆன் செய்தும் அது காலியாகவே கிடந்தது. நாம் மாற்றாவிட்டால் 10 வினாடியைத் தாண்டுவதைத்தான் அது எழுதும் என்பது இரண்டாம் நாள்தான் உறைத்தது. கடைசியில் பார்த்தால், 12 லட்சம் ஆர்டர் உள்ள டேபிளில் மொபைல் நம்பரை மேற்கோள் குறி இல்லாமல் தேடியிருக்கிறார்கள். இரண்டு குறி போட்டேன். பக்கம் ஒரு வினாடிக்குள் வந்துவிட்டது. என்ன செய்தாய் என்று கேட்டார், உள்ளதைச் சொன்னேன். “இதுக்கா 45 ஆயிரம்?” என்று பாதிதான் கொடுத்தார். பத்து நாள் ஆயிற்று. இனிமேல் வேலையை இழுத்தடிக்க வேண்டுமா? மணிக்கணக்கில் கூலி பேசலாமா?

க., ஈரோடு

அன்புள்ள க.,

இழுத்தடிக்க வேண்டாம். மணிக்கணக்கும் வேண்டாம். இந்தத் தடவை மூன்று ராத்திரி ஆனது, அடுத்த தடவை இதே கோளாறை இருபது நிமிடத்தில் பிடித்துவிடுவீர்கள். கை தேறத் தேறக் கூலி குறைகிற கணக்கை நாமே ஏன் போட்டுக்கொள்ள வேண்டும்?

மற்ற வாசகர்களுக்காக அந்த இரண்டு குறியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மொபைல் நம்பர் டேபிளில் எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது, சட்டென்று தேடியெடுக்க உதவும் இன்டெக்ஸும் இருக்கிறது. ஆனால் குறி இல்லாமல் தேடினால் மைஎஸ்க்யூஎல் அதை எண் என்று எடுத்துக்கொள்ளும். எழுத்தில் முன்னால் ஒரு இடைவெளி விட்டு எழுதியதும், பின்னால் ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டதும், எண்ணாக மாற்றினால் ஒன்றுதான். அதனால் இன்டெக்ஸை நம்ப முடியாமல், 12 லட்சம் வரிசையையும் ஒவ்வொன்றாக எண்ணாக்கிப் பார்க்கும். இன்டெக்ஸ் இருக்கிறதே என்று எல்லோரும் வேறு இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள். உங்களுக்கு மூன்று ராத்திரி ஆனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஒரு சின்னத் திருத்தத்தின் விலை என்ன என்று சந்தேகப்படுபவர்களுக்கு 2015 ஜனவரியில் வெளிவந்த ஸ்டீம் விவகாரம் போதும். அந்த விளையாட்டு மென்பொருளின், லினக்ஸ் இயங்குதளத்துக்கான ஸ்கிரிப்டில் ஒரு வரி, தன் ஃபோல்டருக்குள் இருப்பதையெல்லாம் அழி என்று சொன்னது. ஃபோல்டரின் பெயர் இருக்க வேண்டிய மாறி காலியாகிவிட்டால்? மிஞ்சியது ஒரு சாய்கோடு, அதாவது மொத்த வட்டு. ஆட்களின் சொந்தக் கோப்புகள் போயின. மாறி காலியா என்று முன்னால் ஒரு தடவை பார்த்திருந்தால் போதும்.

சரி, உங்கள் கடைக்காரர். அவரை நான் முழுசாகக் குறை சொல்லமாட்டேன். அவர் காலையில் பத்து மணிக்கு, கூட்டமில்லாத நேரத்தில் தளத்தைத் திறந்து பார்க்கிறவராக இருப்பார். 9 வினாடியை அவர் கண்ணால் பார்க்கவே இல்லை. இரண்டு குறியைத்தான் பார்த்தார். பார்த்ததற்கு விலை போட்டார்.

எனக்கு அடி விழுந்தது வேறு விதமாக. ஒரு வாடிக்கையாளரின் சர்வரில் லோட் ஆவரேஜ், அதாவது ஓடும், காத்திருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை, 40-ஐத் தொட்டது. இரண்டு மடங்கு பெரிய சர்வருக்கு மாற்றியும் குறையவில்லை. சிபியு பாதிக்கு மேல் சும்மா கிடந்தது. லினக்ஸில் அந்த எண், சிபியுவுக்காக நிற்கும் வேலைகளோடு, வட்டுக்காகக் காத்துக் கிடக்கும் வேலைகளையும் சேர்த்து எண்ணுகிறது. 1993-இல் வந்த மாற்றம் அது. விஎம்ஸ்டாட் என்ற கட்டளையில், அப்படிக் காத்துக் கிடப்பவற்றைக் காட்டும் ‘பி’ பத்தி வீங்கியிருந்தது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரானில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பேக்கப் ஸ்கிரிப்ட், அது முடியவோ பதினைந்து நிமிடம். முதலாவது முடிவதற்குள் இரண்டாவது, அதன்மேல் மூன்றாவது. ஸ்கிரிப்டுக்கு முன்னால், ஒரு நேரத்தில் ஒன்றையே ஓடவிடும் எஃப்லாக் கட்டளையை, காத்திருக்காதே என்று சொல்லும் ‘-n’ சேர்த்துப் போட்டேன். முன்னது ஓடிக்கொண்டிருந்தால் அடுத்தது சத்தமில்லாமல் திரும்பிவிடும். அதோடு லோட் இறங்கியது, பணமும் முழுசாக வந்தது.

ஆனால் ஒப்பந்தத்தில் ‘தளத்தை வேகமாக்கித் தருதல்’ என்று நானே எழுதிக் கொடுத்திருந்தேன். இரண்டு மாதம் கழித்து ஆடித் தள்ளுபடிக்கு விளம்பரம் போட்டார்கள், கூட்டம் வந்தது, தளம் படுத்தது. அந்த வாக்கியத்தைக் காட்டி நான்கு ராத்திரி சும்மா வேலை வாங்கினார்கள். திரும்பப் படித்துப் பார்த்தேன். அவர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது.

அதற்கப்புறம் இப்படி எழுதுகிறேன்: ராத்திரி 8 முதல் 9 வரை, ஒரே நேரத்தில் 200 பேர் இருக்கும்போது, ஆர்டர் பக்கத்தை 100 தடவை கேட்டால் 95 தடவை 2 வினாடிக்குள் வர வேண்டும், அதற்கு மேல் கூட்டம் வந்தால் அது புது வேலை. சராசரி என்ற சொல்லை உள்ளே விடுவதே இல்லை. 90 பேருக்கு 0.2 வினாடி, 10 பேருக்கு 8 வினாடி என்று வையுங்கள். சராசரி 0.98 வரும், கேட்க அழகாக இருக்கும். அந்தப் பத்துப் பேர் பக்கத்துக் கடைக்குப் போயிருப்பார்கள்.

கூலியையும் இரண்டாகப் பிரித்துவிடுங்கள், கண்டுபிடிக்கத் தனி, திருத்தத் தனி. பெரிய தொகை முதலாவதுக்கு. அதற்குக் கையில் கொடுப்பது அளவெடுத்த நான்கு பக்க அறிக்கை. அதை வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுப் பையனை வைத்தே குறியைப் போட்டுக்கொள்ளட்டும், உங்கள் காசு வந்துவிட்டது.

அப்புறம் உத்யம் பதிவு, சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. இலவசம், ஆன்லைனிலேயே ஆகிவிடும். 2006-ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி, வேலையை ஏற்றுக்கொண்டபின், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், எப்படியும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும்; ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாண்டினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. கெடுவுக்குள் தராத தொகையை, தரும் வருடம் வரை அவர்கள் செலவில் கழிக்க முடியாது என்று 2024 ஏப்ரலிலிருந்து வருமான வரியிலும் ஒரு பிடி வந்திருக்கிறது. பில்லில் உத்யம் எண்ணைப் போட்டால் முதலாளி கவனிக்கமாட்டார், ஆடிட்டர் கவனிப்பார். பதிவுக்குப் பின் செய்யும் வேலைக்கே இதை நம்புங்கள்.

பழைய பாக்கிக்கு வேறு வழி இருக்கிறது. இந்தப் பத்தியை மட்டும் உங்களுக்குத் தனியாக முன்பே அனுப்பிவிட்டேன், நாள் கணக்கு அப்படி. லினக்ஸில் ஒரு வகையான உபுண்டு ஓடும் சர்வர் என்றால் இன்ஜினெக்ஸ் லாக் சாதாரணமாக 14 நாள்தான் இருக்கும். உங்கள் முதல் ராத்திரியின் லாக் இன்றோ நாளையோ அழிந்துவிடும். கடவுச்சொல் இன்னும் வேலை செய்கிறது என்று நீங்களாக உள்ளே போகாதீர்கள். அவரிடம் கேட்டு, அவர் ஆளையே எடுத்துத் தரச் சொல்லுங்கள். குறி போடுவதற்கு முந்தைய ராத்திரி எட்டு மணி, போட்ட அடுத்த ராத்திரி எட்டு மணி. இரண்டையும் ஒரே தாளில் போட்டு, மீதி 22,500-க்கான பில்லோடு அனுப்பிவையுங்கள்.