இலையுதிர் காலச் சமையலில் சுவையும் சத்தும் சேர, எதோடு எதைச் சேர்க்கலாம்?

ஆப்பிளோடு பட்டை, பூசணியோடு ஜாதிக்காய் என்று எங்கே பார்த்தாலும் ஒரே பாட்டாக இருக்கிறது, நம் நாக்குக்கு ஒத்துவருகிற மாதிரி வேறு ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் நான் சொல்லப்போகும் இலையுதிர் காலம் கொஞ்சம் தலைகீழானது. நான் இருப்பது தென்னாப்பிரிக்காவில், டர்பனில். இங்கே மார்ச் முதல் மே வரைதான் அந்தப் பருவம். ஊரில் பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கும்போது இங்கே விடிகாலையில் போர்வையைத் தேட ஆரம்பித்திருப்போம். சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேப்பம்பூவை, ஊரிலிருந்து அம்மா அனுப்பிய பொட்டலத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

கடலோரம் என்பதால் இலைகூட இங்கே அவ்வளவாக உதிர்வதில்லை. கார், கூதிர், முன்பனி, பின்பனி என்று நம்மிடமே ஆறு பருவம் இருக்க, யாரோ ஒருவர் ஊர் மரத்தைப் பார்த்து நாமும் இலையுதிர் காலம் என்கிறோம். சரி, அது வேறு கதை. சமையலுக்கு வருகிறேன்.

இந்தப் பருவத்தில் சந்தைக்கு வருவதை ஒருமுறை வரிசையாகப் பாருங்கள். பூசணி, சர்க்கரைவள்ளி, சேப்பங்கிழங்கு, சோளம், கொய்யா. எல்லாமே இனிப்பு, இல்லாவிட்டால் மாவு. பட்டையும் ஜாதிக்காயும் வெல்லமும் அந்த இனிப்புக்கு இன்னும் கொஞ்சம் இனிப்பைத்தான் தூக்கிக் கொடுக்கும். நாலு வாய்க்கு மேல் இறங்காது. எதிர்த்து நிற்கிற சுவையைக் கொண்டுவந்து வைக்க வேண்டும்: புளி, மிளகு, கடுகு, கீரையின் இலேசான கசப்பு. நான் பதினோரு வருடமாக இங்கே சமைத்துக் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். அதிலும் பாதி எனக்கு வீடு வாடகைக்கு விட்ட ஆயா சொல்லிக்கொடுத்தது.

ஆயாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. நகராட்சித் தொழிலாளர்கள் இருந்த மேகசின் பேரக்ஸில் பிறந்து, இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த காலத்தில் சாட்ஸ்வர்த்துக்கு மாற்றப்பட்ட குடும்பம். பேசுவது ஆங்கிலம். தமிழில் அவருக்கு மிஞ்சியிருப்பது சமையலறைச் சொற்களும் சாமி பாட்டும்தான். கொல்லையில் கருவேப்பிலை, முருங்கை, கொய்யா, அவகாடோ என்று ஒரு குட்டித் தோப்பு. கீரை எதுவானாலும் அவருக்கு ‘ஹெர்ப்ஸ்’. முருங்கைக் கீரை என்றால் ‘முருங்கா ஹெர்ப்ஸ்’.

வந்த முதல் வருடம் பட்டர்நட் பூசணியில் கூட்டு வைத்தேன். சுரைக்காய் மாதிரி கழுத்து நீண்டு, வெட்டினால் உள்ளே மாம்பழ நிறத்தில் இருக்குமே, அதுதான். தேங்காய் அரைத்து ஊற்றி, ஊரில் பரங்கிக்காய்க்குச் செய்வது போலவே செய்தேன். பாயசத்தில் தெரியாமல் உப்பைப் போட்டது போல் இருந்தது. என் கணவர் ஒன்றும் சொல்லாமல் ஊறுகாய் பாட்டிலைத் திறந்தார். அதைவிடப் பெரிய விமர்சனம் எங்கள் வீட்டில் கிடையாது. மறுநாள் ஆயா வந்து பார்த்துவிட்டு, இந்தக் காயைத் தண்ணீரில் போட்டால் இப்படித்தான், வாணலியில் காய்ந்த மிளகாய், கடுகு தாளித்துப் புரட்டிப் புளியைக் கரைத்து ஊற்று என்றார். 

இப்போது நான் செய்வது அதன் அடுத்த படி. தோலோடு பெரிய துண்டுகளாக நறுக்கி (தோல் சுட்டால் மெத்தென்று ஆகிவிடும், சீவ வேண்டாம்), நல்லெண்ணெய், உப்பு, மிளகுத்தூள் பிரட்டி 200 டிகிரி சூட்டில் ஓவனில் 40 நிமிடம். ஓரங்கள் கருகத் தொடங்க வேண்டும், அதுதான் பதம். அந்தக் கருகலில் ஒரு கசப்பு வரும். பிறகு கடுகு, கருவேப்பிலை தாளித்து, கெட்டிப் புளிக்கரைசல் இரண்டு கரண்டி ஊற்றிச் சுண்டவிட்டு மேலே ஊற்றுங்கள். கடைசியாக வறுத்து ஒன்றிரண்டாக இடித்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி. பூசணியின் மஞ்சள் நிறமே பீட்டா கரோட்டின்தான். உடம்பு அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. அது கொழுப்பில் கரைகிற பொருள். எண்ணெயே இல்லாமல் வேகவைத்துச் சாப்பிட்டால் நாக்குக்கும் நஷ்டம், உடம்புக்கும் நஷ்டம். நல்லெண்ணெயும் கடலையும் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கின்றன.

சேப்பங்கிழங்கு இங்கே அமடும்பே. ஜூலு மக்களின் பழைய உணவு. வார்விக் பகுதியில் இருக்கும் காலைச் சந்தையில் மண்ணோடு குவித்து வைத்திருப்பார்கள். அவர்கள் வேகவைத்து உப்புத் தொட்டுச் சாப்பிடுவார்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் புளியும் ஓமமும் மிளகும் சேர்த்து ரோஸ்ட். கை அரிக்கிறதே என்பவர்களுக்கு: அது கிழங்கில் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்களின் வேலை. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, தோலோடு நன்றாக வேகவிட்டு அப்புறம் உரித்தால் தொல்லை இல்லை.

உங்கள் கேள்விக்கு நான் மிகவும் சிபாரிசு செய்வது கீரையும் கொய்யாவும். கேட்கும்போது விநோதமாகத்தான் இருக்கும். ஏப்ரலுக்குப் பிறகு ஆயாவின் கொல்லையில் கொய்யா தின்று மாளாது. பாதிப் பழுத்த கொய்யாவை விதைப்பகுதி நீக்கிப் பொடியாக நறுக்கி, பச்சைமிளகாய், கொத்தமல்லி, உப்பு, சுடவைத்து ஆறிய கடுகெண்ணெய் அரைக் கரண்டி சேர்த்துப் பிசிறி வைப்பேன். பள்ளிக்கூட வாசலில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தின்றோமே, அதன் வளர்ந்த வடிவம். இதைப் பருப்புச் சோறு, முளைக்கீரை மசியலுக்குத் தொட்டுக்கொள்ள வேண்டும். பூசணித் தளிர் கிடைத்தால் இன்னும் நல்லது. இங்கே ஜூலு வீடுகளில் பூசணி இலை அன்றாடக் கீரை; நாம்தான் காயைப் பறித்துக்கொண்டு கொடியை மாட்டுக்குப் போட்டோம்.

கீரையில் இரும்புச்சத்து இருந்தாலும், இறைச்சியில் இருப்பதைப் போல உடம்பு அதைச் சுலபமாக எடுத்துக்கொள்ளாது. கூடவே வைட்டமின் சி போனால் நிறைய எடுத்துக்கொள்ளும். நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி. அதே எடை ஆரஞ்சில் 50 சொச்சம்தான். வேகவைத்தால் அதில் ஒரு பகுதி போய்விடும், அதனால்தான் பச்சையாகவே வைக்கச் சொல்கிறேன். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கம் இருந்தால் மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள், டீயின் துவர்ப்பு இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். என்னால் முடியவில்லை. காலை டீயைக் கீரை இல்லாத வேளைக்கு மாற்றிக்கொண்டேன்.

அடுத்தது சாம்ப். காய்ந்த வெள்ளை மக்காச்சோளத்தை இடித்து மேல்தோல் நீக்கியது, பல் பல்லாக இருக்கும். பீன்ஸோடு சேர்த்து மணிக்கணக்கில் வேகவைப்பது இந்நாட்டுச் சமையல். 1860 நவம்பர் 16 அன்று மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில், கரும்புத் தோட்ட வேலைக்கென்று ஒப்பந்தத்தில் வந்த 342 பேர் இந்தக் கரையில் இறங்கினார்கள். அரிசிச் சோற்றைத் தேடிய கரும்புத் தோட்டத்துச் சனம் இந்த மண்ணின் சோளத்தையும் மெல்லத் தன் அடுப்பில் ஏற்றியது. போர்க்காலத்தில் அரிசி கிடைக்காதபோது சோளக் குருணையைச் சோறு போல வடித்துக் குழம்பு ஊற்றித் தின்றதாக ஆயா சொல்வார். அந்த நினைப்பில் அவருக்குச் சோளம் என்றால் இன்றும் ஒரு இளக்காரம்.

நான் செய்தது வெண்பொங்கல். ஒரு கப் சாம்ப், அரைக் கப் சுகர் பீன்ஸ் (சிவப்புப் புள்ளி போட்ட பயறு, காராமணியும் ஆகும்) இரண்டையும் இரவே ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத்தண்ணீர் தாராளமாக ஊற்றி, குக்கரில் சிறு தீயில் 45 நிமிடம். கரண்டியால் பாதியை மசித்து, மீதியை அப்படியே விட வேண்டும். பிறகு நெய்யில் மிளகு, சீரகம், இஞ்சி, முந்திரி, கருவேப்பிலை. மிளகைப் பொங்கலுக்குப் போடுவதைவிட இரண்டு மடங்கு போடுங்கள், சோளத்தின் இனிப்பு அதைத் தாங்கும். மக்காச்சோளத்தில் லைசின் என்ற புரதக்கூறு குறைவு, பயறில் அது நிறைய; பயறில் குறைவாக இருக்கும் மெத்தியோனின் சோளத்தில் உண்டு. அரிசியும் பருப்பும் சேர்ந்து பொங்கலாக நிற்பதும் இதே கணக்கில்தான்.

ஆயா ஒரு தட்டு சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது, ஆனால் இதைச் சாமிக்குப் படைத்துவிடாதே என்றார்.

சறுக்கியதையும் சொல்லிவிடுகிறேன். அவகாடோ மலிந்து கிடக்கிறதே என்று ஒருநாள் சாம்பாரில் போட்டேன். வேகவைத்தால் அது கசந்துவிடும் என்று அப்போது தெரியாது, பானையோடு கொட்டினேன். அதைச் சூடு காட்டாமல் தயிரில் மசித்து, துருவிய கேரட் கலந்து, ஆறிய தாளிப்பைக் கொட்டிப் பச்சடியாக்குங்கள். கேரட்டுக்கு வேண்டிய கொழுப்பும் அதிலேயே வந்துவிடும். சர்க்கரைவள்ளியில் பட்டை போட்டும் பார்த்தேன். இங்கே ஆரஞ்சுச் சாறும் சர்க்கரையும் பட்டையும் சேர்த்து வேகவைத்துக் கறியோடு பரிமாறுவார்கள். எனக்குப் பிடிபடவில்லை. எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் போதும்.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. மே மாதம் பிறந்ததும் கடைகளில் கமலா ஆரஞ்சு மாதிரி சிறு பழம் வரும். இங்கே அதற்கு ‘நார்ச்சி’ என்று பெயர். ஆப்பிரிகான்ஸ் மொழிச் சொல். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நம் நாரத்தைதான். கப்பலேறிப் போய் வேறு பழத்துக்குப் பெயராகிவிட்டது. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து, அதன் தோலை நான் குப்பையில் போடுவதில்லை. வெள்ளை நாரைச் சுரண்டி எடுத்துவிட்டு, பொடியாக நறுக்கி, நல்லெண்ணெயில் வதக்கி வத்தக்குழம்பில் போடுகிறேன். கசப்பு, புளிப்பு, வாசனை மூன்றும் ஒரே துண்டில் வரும். சுட்ட பட்டர்நட்டையும் அதே குழம்பில் கடைசி ஐந்து நிமிடம் போட்டு இறக்கினால், நான் மேலே சொன்ன எதிர்ச்சுவை என்ன என்பது ஒரே வாயில் தெரிந்துவிடும். கடைப் பழத்தில் மெழுகு பூசியிருக்கலாம், வெந்நீரில் தேய்த்துக் கழுவிக்கொள்ளுங்கள். ஒரு டப்பா தோலைக் காயவைத்து எடுத்துவைக்கவும் செய்வேன். மே மாத வெயிலில் அது சுக்காகக் காய இங்கே ஆறு நாள் ஆகிறது, நடுவில் தட்டை உள்ளே எடுத்துவைக்க மறந்தால் ஆயாவின் கோழிகள் முடித்துவிடும்.