தடை இருக்கும்போது மத்தாப்பு மட்டும் கொளுத்தலாமா?

வறட்சியால் நகரில் பட்டாசுக்குத் தடை, வாங்கியதோ ஒரு பெட்டி, வானத்தில் போகாத மத்தாப்பையும் தரைச்சக்கரத்தையும் மட்டுமாவது கொளுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் உத்தரவை முழுசாகப் படியுங்கள், சில இடங்களில் வாணவெடிக்கு மட்டும்தான் தடை, சில இடங்களில் மத்தாப்பும் சேர்த்தி, சொந்த முற்றம் என்பதால் மட்டும் விலக்கு கிடைத்துவிடாது.

என்னைக் கேட்டால் அனுமதி இருந்தாலும் வேண்டாம். மத்தாப்புப் பொறி ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டும். வழக்கமான நாளில் ஈரமண்ணில் விழுந்து அணைந்துவிடும், ஆனால் இப்போது கூரை ஓரத்து மழைநீர்க் குழாயில் அடைந்து கிடக்கும் சருகில் ஒன்று விழுந்தால் போதும், புகைகூடத் தெரியாமல் கனன்றுகொண்டே இருந்து, எல்லோரும் தூங்கிய பிறகு காற்றடிக்கும்போது பற்றும். தீயணைப்பு வண்டிக்கே தண்ணீர் தட்டுப்பாடு வரக்கூடிய நேரம் வேறு.

பெட்டியை அப்படியே குப்பையில் போட்டுவிடாதீர்கள், குப்பை வண்டியே எரியும். அடுப்பு, வெயில் படாத உலர்ந்த இடத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்து மழைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதற்கும் மனசில்லை என்றால் கடைக்காரர் திருப்பி எடுப்பாரா கேளுங்கள், இல்லாவிட்டால் தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு போன்.