தேய்ந்துபோன சுறாப்பல் எந்த இனத்துடையது என்று கண்டுபிடிக்கலாமா?

யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கரையில் பொறுக்கிய பல்லுக்கு வேரும் இல்லை, விளிம்பும் மழுங்கிவிட்டது, எந்தச் சுறா என்று கேட்கிறீர்கள்.

முதலில் அது புதைபடிவம்தானா? குடாநாட்டின் அடியில் பல மில்லியன் ஆண்டுகளுக்கு முந்தைய மயோசீன் காலக் கடலில் படிந்த சுண்ணாம்புக்கல் இருப்பதால் வாய்ப்புண்டு. ஆனால் நேற்றுப் பிடித்த சுறாவின் பல்லும் கரை ஒதுங்கும். வறைக்குச் சுறா வாங்கும்போது தாடையைக் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள் (மீன்காரர் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்). புதுப்பல் வெள்ளை, புதைபடிவம் பெரும்பாலும் கனிமம் ஏறிச் சாம்பல், பழுப்பு, கறுப்பாக இருக்கும். நிறம் இனத்தைச் சொல்லாது.

சரி, இனம். வேர் நுண்துளைகள் கொண்டது, அதனால் சீக்கிரம் அழியும். மினுங்கும் மேற்பூச்சு நிலைக்கும். பூதக்கண்ணாடியை எடுத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில், வேரையொட்டிய மூலைகளைப் பாருங்கள். மரம் அரியும் வாள்போன்ற சிறுபற்களின் தடம் மிஞ்சினால் அங்கேதான் மிஞ்சும். தடம் தெரிந்தால் மாக்கோச் சுறாவை ஒதுக்கிவிடலாம், அதன் விளிம்பு வழுவழுப்பானது. தடம் தெரியாததால் மாக்கோ என்று முடிவுகட்டாதீர்கள். உருண்டு மழுங்கிய விளிம்பு எதையும் நிரூபிக்காது. சேவல் கொண்டைபோல் ஒருபக்கம் சாய்ந்து, பின்விளிம்பில் ஆழமான வெட்டு இருந்தால் புலிச்சுறா வகை. சாதாரண முக்கோணம் என்றால் அதிகபட்சம் பேரினத்தோடு (நெருங்கிய இனங்களின் தொகுதி) நிறுத்திக்கொள்ளுங்கள்.