எவ்வளவு வந்தாலும் 'பத்தல' என்கிற மனசு: வாசகர் கேள்விகள்

திருப்பூர்ல சின்னதா பனியன் ஜாப்ஒர்க் (கூலிக்குத் தைச்சுக் குடுக்கற) யூனிட் நடத்தறேனுங்க. கையில ஆர்டர் இருந்தாலும் அடுத்த மாசம் வருமாங்கற பயம் விடறதில்ல. ரேட் கட்டாதுன்னு தெரிஞ்சே ஒத்துக்கறேன். மைண்ட்ஃபுல்னெஸ்னு, மனசுல ஓடறதை அப்படியே கவனிக்கற பயிற்சி பண்ணுனா நிறைவான மனசு வரும்ங்கறாங்க. எப்படிப் பண்றதுங்க?
– வாசகி, திருப்பூர்

பயிற்சி செய்தால் ஆர்டர் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பயம் எழும் நொடிக்கும் 'சரிங்க' என்று வாயில் வரும் நொடிக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். கணக்குப் பார்க்க அது போதும்.

காலையில் போனை எடுப்பதற்கு முன் 10 நிமிடம் ஒதுக்குங்கள். நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பாதமும் தரையில் படட்டும். கண்ணைப் பாதி திறந்து வையுங்கள். முழுக்க மூடினால் வேலை அலுப்பில் தூக்கம் வரும். மூச்சு வெளியே போகும்போது ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். மூச்சை வேண்டுமென்றே இழுத்து விடாதீர்கள். பலர் இங்கேதான் தவறுகிறார்கள், பிறகு தலை சுற்றுகிறது என்று விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது எண்ணிலேயே மனசு சனிக்கிழமை சம்பளத்துக்கு ஓடும். ஓடட்டும். 'கணக்கு ஓடுது' என்று உள்ளுக்குள் ஒரு பெயர் வைத்துவிட்டு ஒன்றுக்குத் திரும்புங்கள். எண்ணத்தை அடக்கப் பார்த்தால் அது இரட்டிப்பாக வரும். எத்தனை முறை ஓடியது என்பது முக்கியமில்லை, திரும்பி வருவதுதான் பயிற்சி. 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி 8 வாரம் நடக்கும். நீங்களும் அவ்வளவு நாளாவது கொடுத்துப் பாருங்கள்.

அடுத்தது பேப்பர் வேலை. மனசு அமைதியாக இருக்கும் ஒரு நாளில் தையல்கூலி, நூல், கரண்ட், வாடகை, செக்கிங் எல்லாம் சேர்த்து, ஒரு பீஸுக்கு இதற்குக் கீழே போக முடியாது என்கிற தொகையை எழுதி மெஷின் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். பார்ட்டி போன் செய்தால் நெஞ்சு படபடக்கிறதா, வயிறு இறுகுகிறதா என்று பாருங்கள். இறுகினால், "அரை மணி நேரத்துல கூப்பிடறனுங்க" என்று வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிடுங்கள். கட்டாத ரேட்டுக்கு எடுத்த வேலை மெஷினை அடைத்துக்கொண்டிருந்தால், நல்ல ரேட்டுக்கு வருவதை வாங்க இடம் இருக்காது. பயம் வருமானத்தைக் குறைப்பது இந்த வழியில்தான்.

மஞ்சள் போட்டிருக்கறனுங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குக் குவிண்டாலுக்குக் கூட விலை கிடைச்சா அன்னிக்குச் சோறு இறங்கறதில்ல.
– வாசகர், கோபி

மஞ்சளில் ஒன்பது மாதம் செலவு, பணம் வருவது ஒரே தடவை. வெள்ளாமை எடுப்பதற்கு முந்திய மாதங்களில் மனசு இறுகுவதற்கு இந்த அமைப்பே காரணம். தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடம் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வில், அறுவடைக்கு முன் பணமுடையில் இருந்தபோது கவனச் சோதனைகளில் திணறியவர்கள், அறுவடை முடிந்தபின் அதே சோதனைகளை நன்றாகச் செய்தார்கள். அதனால் புதுக் கடன், குத்தகை, நிலம் விற்பது போன்ற முடிவுகளை அந்த இறுக்கமான மாதங்களில் தனியாக எடுக்காதீர்கள். வீட்டில் ஒருவரை உட்கார வைத்து எழுதிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

விலையைக் கேட்டதும் நெஞ்சில் ஒரு கடுப்பு வரும். அது வந்ததைத் தெரிந்துகொண்டு நான்கைந்து மூச்சு சும்மா இருங்கள். பிறகு அவரிடமே போய்க் கேளுங்கள்: விரலியா கிழங்கா, எத்தனை நாள் காயவைத்தார், பாலீஷ் எப்படி, எந்த நாள் மண்டிக்குக் கொண்டுபோனார்? போதாமையில் இருக்கும் மனசு அவரைக் கண்டாலே தெருவைக் கடந்து போகச் சொல்லும். அவருக்குத் தெரிந்தது நமக்கும் பயன்படும் என்று போய்க் கேட்க முடிவதைத்தான் நிறைவு மனம் என்கிறோம்.

நன்றி சொல்லத் தோன்றியதை எல்லாம் தினமும் 'நன்றி நோட்டு' என்று எழுதினேன். பத்து நாளில் சலித்துவிட்டது.
– வாசகி, பல்லடம்

தினமும் எழுதினால் பலருக்கும் 'குடும்பம், ஆரோக்கியம், வேலை' என்று ஒரே வரியாகிவிடும். வாரம் ஒருமுறை போதும். உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா 2003இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழு வாரம் ஒருமுறை, ஐந்து விஷயம் வரைதான் எழுதியது. ஐந்து வராவிட்டால் இரண்டே எழுதுங்கள், ஆனால் யார், என்ன, எப்போது என்று தெரியவேண்டும். 'புதன்கிழமை கரண்ட் போனப்ப பக்கத்து யூனிட் அக்கா டீசல் குடுத்தாங்க' என்பது போல. எழுதும்போது அந்த டீசல் கேன் கண்முன் வந்தால் நோட்டு வேலை செய்கிறது. முடிந்தால் அந்த அக்காவிடம் நேரிலும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

தூக்கம் தொடர்ந்து கெட்டாலோ, கடன் நெருக்கடியில் வாழ்வே வேண்டாம் என்று தோன்றினாலோ, மூச்சை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டாம். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு உடனே பேசுங்கள், கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.