மலைப்பாதை அடைத்தால் ஊழியக் குழு என்ன செய்வது?

ஐயா,
தேனியிலிருந்து எங்கள் சபையின் மருத்துவக் குழு ஆடி மாதம் மூணாறு எஸ்டேட் லயங்களுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) ஊழியம் போகிறது. பன்னிரண்டு பேர், ஒரு வேன். போன தடவை பூப்பாறையில் வழி அடைத்து நான்கு மணி நேரம் நின்றோம். முகாமும் நடக்கவில்லை, இருட்டுக்குள் மலை இறங்கவும் முடியவில்லை. முன்கூட்டி என்ன ஏற்பாடு செய்யலாம்?
ஒரு வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

திரும்பும் நேரத்தைப் புறப்படும் முன்பே முடிவு செய்யுங்கள். மூணாறு இருக்கும் இடுக்கி மாவட்டத்தில் ரெட் அலர்ட் என்றால் ஆட்சியர் இரவுப் பயணத்தைத் தடுப்பது வழக்கம். அலர்ட் இல்லாவிட்டாலும் எல்லையிலுள்ள போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளை மழையிலும் மூடுபனியிலும் இருட்டில் இறங்க வேண்டாம். மாலை 5 மணிக்குப் போடிமெட்டு வர, லயத்தை 2 மணிக்கு விட வேண்டும். முகாமுக்கு 3 மணி நேரம் என்றால் 11 மணிக்குள் போய்ச் சேர வேண்டும். காலை 9 மணிக்கும் பூப்பாறை தாண்டவில்லையா, அன்று முகாம் இல்லை. இதை வண்டிக்குள் விவாதித்தால், "இன்னும் அரை மணி பார்ப்போம்" என்பவர்தான் ஜெயிப்பார்.

பூப்பாறைக்கும் மூணாறுக்கும் நடுவே உள்ள கேப் ரோடு, விரிவாக்கத்துக்காகப் பாறையை வெட்டிய இடம். 2019, 2020இல் பெரிதாகச் சரிந்தது. மழை விட்டாலும் இடுக்குகளில் தண்ணீர் ஊறிக்கொண்டிருக்கும், வெயிலை நம்பாதீர்கள். அடைத்தால் ராஜகுமாரி, ராஜாக்காடு, குஞ்சித்தண்ணி வழியாகச் சுற்றலாம். ஒரு மணி நேரமாவது கூடும். அந்த வழி திறந்திருக்கிறதா என்று பூப்பாறை ஆட்டோக்காரர்களிடம் கேளுங்கள். போன் மேப்பில் அடைப்பு தாமதமாகத்தான் தெரியும்.

நின்றுவிட்டால் முதலில் பாதிக்கப்படுவது சர்க்கரை நோயாளிகள். இன்சுலினோ கிளிமெபிரைடு மாத்திரையோ எடுத்துவிட்டு சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கும்: வியர்வை, நடுக்கம், குழப்பம். 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி சோதியுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். முகாமுக்கான இன்சுலினைத் துண்டில் சுற்றி ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஐஸ் நேராகப் பட்டு உறைந்தால் அது வீண். பெண்களுக்குக் கழிப்பறை வசதியைப் போடியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மலையடிவாரத்தில் உள்ள முந்தல் தாண்டினால் காடுதான்.

லயத்தில் ஒருவரின் எண்ணை, முடிந்தால் வேறு வேறு சிம் உள்ள இரண்டு பேரின் எண்களை, வாங்கி வையுங்கள். தாமதம் தெரிந்ததும் சிக்னல் இருக்கும் இடத்திலிருந்தே சொல்லிவிடுங்கள். உங்களுக்காகக் காத்திருக்கும் தொழிலாளர்களுக்குத் துணி துவைக்க, சாமான் வாங்க இருப்பது விடுமுறை நாளான அந்த ஒரு ஞாயிறுதான். நேரம் குறைந்தால் பிரசங்கத்தைச் சுருக்குங்கள். ரத்த அழுத்தம் பார்க்கும் வரிசையைச் சுருக்காதீர்கள்.